மார்க்கர் மக்கர் பண்ணுதா பாஸ்?

ட்ரிகரை ஒரே ஒரு தடவை அமுக்கினா 'பர்ர்ர்ர்'னு நாலு குண்டு பறக்குதா? இல்ல, விரல் வலிக்க வலிக்க அமுக்கியும் 'டொக்'னு ஒரு சத்தம் மட்டும் வந்து, குண்டு உங்க காலடியிலேயே விழுதா? போல்ட் பாதியில சிக்கி, துப்பாக்கி வாயில இருந்து பச்சைப் பெயின்ட் ஒழுகுதா?

பெயின்ட்பால் விளையாடப் போன யாரைக் கேட்டாலும் இதுல ஒண்ணையாவது சொல்வாங்க. பெரிய காஞ்சிபுரத்துல இருந்து வேன் பிடிச்சு, பத்து பேர் காசு போட்டு, சென்னைப் பக்கமோ பெங்களூரு பக்கமோ ஏதாவது அட்வெஞ்சர் பார்க்குக்குப் போறீங்க. கையில கொடுக்கிறது வாடகைத் துப்பாக்கி. அது எத்தனை கை மாறி வந்ததோ, யாருக்குத் தெரியும்! மக்கர் பண்ணினா 'அண்ணா, இது வேலை செய்யல'னு நீட்டிட்டு வேற ஒண்ணு வாங்கிக்கிறோம். அதுல தப்பில்லை. ஆனா, என்ன கோளாறுன்னு தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு லாபம். ஒண்ணு, கட்டின காசுக்கு முழு ஆட்டம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: உங்க கண்ணும் உங்க ஃப்ரெண்டோட கண்ணும் பத்திரம்.

கோளாறு பார்க்கிற வித்தைக்குள்ள போறதுக்கு முன்னாடி குட்டியா ஒரு ஃப்ளாஷ்பேக்.

மரத்துக்குப் பெயின்ட் அடிச்ச துப்பாக்கி!

இதை 'கன்'னு சொல்லாம 'மார்க்கர்'னு சொல்றாங்களே, ஏன் தெரியுமா? உண்மையிலேயே அது மார்க் பண்றதுக்காக வந்த கருவிதான். 1970-கள்ல அமெரிக்காவின் நெல்சன் பெயின்ட் கம்பெனி, காட்டில் வெட்ட வேண்டிய மரங்களையும், மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளையும் தூரத்தில் இருந்தே அடையாளம் போட 'நெல்ஸ்பாட் 007'னு ஒரு கருவியை வித்துச்சு. தயாரிச்சுக் கொடுத்தது, ஏர்கன்னுக்குப் பேர்போன டெய்ஸி கம்பெனி.

1981 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கர்ங்கிற ஊர்ல 12 பேர் இந்த மரக் கருவியோட காட்டுக்குள்ள இறங்கினாங்க. அதுதான் உலகின் முதல் பெயின்ட்பால் ஆட்டம். ஜெயிச்சவர் ரிச்சி வொயிட்ங்கிற வனத்துறைக்காரர். ஜாலியான விஷயம் என்னன்னா, அவர் கடைசி வரைக்கும் ஒரு குண்டுகூடச் சுடலை! சத்தமே இல்லாம மரத்துக்கு மரம் பதுங்கிப் போய் எல்லாக் கொடியையும் எடுத்துட்டு வந்துட்டார். ட்ரிகரைப் போட்டு நசுக்கிற பார்ட்டிகள் கவனிக்க!

உள்ளே நடக்கிறது என்ன?

குண்டுன்னு சொல்றோமே, அது மாத்திரைக் கேப்ஸ்யூல் செய்ற அதே ஜெலட்டின் உறை. உள்ளே தண்ணியில கரையுற கலர் திரவம். வழக்கமான சைஸ் 0.68 காலிபர், அதாவது குறுக்களவு சுமார் 17 மில்லிமீட்டர். எடை 3 கிராம் சொச்சம்.

வாடகை மைதானங்களில் அதிகம் கிடைக்கிறது டிப்மேன் 98, ஸ்பைடர் மாதிரியான 'ப்ளோபேக்' ரகம். பேட்டரி, எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாம, கேஸையும் ஸ்ப்ரிங்கையும் மட்டும் நம்பி ஓடுற எளிமையான மெஷின். உள்ளே இப்படித்தான் நடக்குது:

பின்பக்கம் ஹேமர்னு ஒரு கனமான உருளை. அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்ப்ரிங், அமுங்கி ரெடியா நிக்குது. ஹேமரைப் பிடிச்சு வெச்சிருக்கிறது 'சியர்'ங்கிற சின்னக் கொக்கி. ட்ரிகரை அமுக்கினதும் சியர் பிடியை விடும். ஹேமர் பாய்ஞ்சு போய் வால்வோட முனையில 'டக்'னு மோதும். ஹேமரோட ஒரு பின்னாலோ கம்பியாலோ இணைஞ்சிருக்கிற போல்ட்டும் கூடவே முன்னாடி போய், ஹாப்பர்ல இருந்து விழுந்த குண்டை பேரலுக்குள்ள தள்ளியிருக்கும். வால்வு ஒரு கண நேரம் திறக்கும். வெளியே வர்ற கேஸ் ரெண்டாப் பிரியும். ஒரு பங்கு போல்ட் வழியா முன்னே போய் குண்டைத் தள்ளும். இன்னொரு பங்கு பின்னே வந்து ஹேமரைத் தள்ளி மறுபடியும் சியர்ல மாட்ட வைக்கும். அவ்வளவுதான். அடுத்த ரவுண்டுக்கு ரெடி!

இந்த 'ரெண்டு பங்கு' கணக்கை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. முன்னே போற பங்குல பிரச்னைன்னா வேகம் மக்கர். பின்னே வர்ற பங்குல பிரச்னைன்னா போல்ட் மக்கர். முக்கால்வாசிக் கோளாறு இதுக்குள்ள அடங்கிடும்.

முதல்ல வேகத்தை அளங்க!

'என் கன் செம ஸ்பீடு மச்சி'ங்கிற டயலாக் எல்லாம் செல்லாது. வேகத்தை அளக்கிற கருவிக்கு க்ரோனோகிராஃப்னு பேரு. செல்லமா 'க்ரோனோ'. ஒழுங்கா நடக்கிற எந்த மைதானத்துலயும் இது இருக்கும். இல்லைன்னா அந்த இடத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடயே பாருங்க.

உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட உச்சவரம்பு விநாடிக்கு 300 அடி. பெரும்பாலான மைதானங்கள் 280-லயே நிறுத்திடுவாங்க. 280 அடின்னா மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல! இதுக்கு மேல எதுக்கு பாஸ்?

கொஞ்சம் பிளஸ் டூ இயற்பியலை எட்டிப் பார்ப்போம். இயக்க ஆற்றல் வேகத்தோட இருமடிக்கு ஏத்தபடி கூடும். 3 கிராம் குண்டு 300 அடி வேகத்துல போனா சுமார் 12.5 ஜூல். 'கொஞ்சமாத்தானே ஏத்தினேன்'னு 350 ஆக்கினா 17 ஜூல். வேகம் கூடினது ஆறுல ஒரு பங்கு. அடி கூடினது மூணுல ஒரு பங்குக்கும் மேல. மாஸ்க்குகளைச் சோதிச்சு சான்றிதழ் கொடுக்கிறது 300 அடி வேகத்தை மனசுல வெச்சுதான். அதைத் தாண்டினா உங்க மாஸ்க் தாங்கும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க.

ஒரு குண்டை மட்டும் சுட்டுட்டு 'ஓகே'ன்னு நடையைக் கட்டாதீங்க. பத்து குண்டு சுடுங்க. பத்து நம்பரையும் கையில எழுதிக்கோங்க. டாக்டருக்கு ஈ.சி.ஜி. மாதிரி, உங்களுக்கு இந்தப் பத்து நம்பர்.

நம்பர் சொல்லும் ஜாதகம்

எல்லாம் ஒரே மாதிரி, ஆனா குறைவு. உதாரணமா 240, 243, 239, 241. மெஷின் ஆரோக்கியம். வேக ஸ்க்ரூவைத் திருகினாலே போதும். ஆனா உஷார்! ஸ்பைடர் ரகத்துல பின்பக்க ஸ்க்ரூவை வலப்பக்கமாத் திருகினா ஸ்ப்ரிங் இறுகி வேகம் கூடும். டிப்மேன் 98-ல அதே வலப்பக்கத் திருகல், கேஸ் போற பாதையை அடைச்சு வேகத்தைக் குறைக்கும். ரெண்டும் நேர் எதிர்! ஒரு துப்பாக்கியில பழகின கையை இன்னொண்ணுல வெச்சுத் திருகறதுதான் பல குழப்பத்துக்கு ஆரம்பம். கால் சுத்து திருகுங்க, க்ரோனோவுல பாருங்க, மறுபடி கால் சுத்து.

படிப்படியா இறங்குது. 285, 278, 270, 261... வேகவேகமாச் சுட்டா இப்படி வருதுன்னா குற்றவாளி பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு. டேங்க்குக்குள்ள அது திரவமா இருக்கு. திரவம் வாயுவா மாற வெப்பம் வேணும். அந்த வெப்பத்தை டேங்க்ல இருந்தே உறிஞ்சும். டேங்க் ஜில்லுனு ஆகும். அழுத்தம் குறையும். வேகமும் குறையும். மெஷின் மேல பழி போடாம ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் கொடுங்க. நம்பர் தானா ஏறினா கேஸ் பயமுறுத்தினது, அவ்வளவுதான்.

ரெஸ்ட்டுக்கு அப்புறம் முதல் குண்டு மட்டும் எகிறுது. 310, அப்புறம் 280, 281, 279. அழுத்தக் காற்று டேங்க்ல இது வந்தா ரெகுலேட்டர் ஒழுங்கா மூடலைன்னு அர்த்தம். சும்மா இருக்கும்போதும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு அழுத்தம் ஏறுது. இது ஆபத்தான ஜாதகம். ஏன்னா க்ரோனோவுல தொடர்ந்து சுடும்போது தெரியாது. மைதானத்துல பதுங்கி இருந்து சுடுற முதல் குண்டுதான் எகிறும். ரெகுலேட்டரைப் பிரிச்சு மேயறது உங்க வேலை இல்லை. டேங்க்கையே மாத்தச் சொல்லுங்க.

ரெஸ்ட்டுக்கு அப்புறம் முதல் குண்டு மட்டும் படுக்குது. பேட்டரி போட்ட எலெக்ட்ரானிக் மார்க்கர்ல அதிகம். போல்ட்டோட ஓ-ரிங் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு, கிளம்பும்போது தயங்குது. போல்ட்டைக் கழட்டித் துடைச்சு கிரீஸ் போட்டா சரியாகும்.

தலைகால் புரியாம ஏறி இறங்குது. 290, 255, 301, 262. இதுக்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கியில இல்லை, குண்டுல! அதைத் தனியாப் பார்ப்போம்.

குண்டு டெஸ்ட்: ஊதிப் பாருங்க

பேரலைத் தனியாக் கழட்டுங்க. சுத்தமான குண்டு ஒண்ணைப் பின்பக்கம் போடுங்க. அது கடகடன்னு உருண்டு மறுபக்கம் விழுந்தா, குண்டு சின்னது, பேரல் பெரிசு. கேஸ் குண்டைத் தள்ளாம சந்து வழியா ஓடிடும். வேகம் குறையும், தாறுமாறா ஆகும். உள்ளேயே போகலைன்னா குண்டு ஊதிப்போயிருக்கு. உள்ளேயே உடையும். லேசா நின்னு, வாயால 'ஃபூ'ன்னு ஊதினா வெளியே வந்தா பர்ஃபெக்ட் ஜோடி.

ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊர் ஐப்பசி மழைக்காலத்துல அப்பளம் என்ன ஆகும்? அதே கதைதான். பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டு ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா குண்டு வீங்கி, பள்ளம் விழுந்து, முட்டை வடிவத்துல இருக்கும். தரையில விழுந்த குண்டைப் பொறுக்கி மறுபடி ஹாப்பர்ல போடற சிக்கனச் சிகாமணிகளுக்கும் இதே எச்சரிக்கை. மண்ணு ஒட்டின குண்டு பேரலுக்குள்ளேயே சிதறும். அப்புறம் வர்ற ஒவ்வொரு குண்டும் பெயின்ட்ல வழுக்கி கோணல்மாணலாப் போகும்.

அக்னி நட்சத்திரமும் 31 டிகிரியும்

இது நம்ம ஊர்க்காரங்களுக்கான ஸ்பெஷல் பாடம். வெளிநாட்டு மேனுவல்கள்ல குளிர்காலப் பிரச்னையைத்தான் பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க. நமக்குப் பிரச்னை நேர் எதிர்.

20 டிகிரி செல்சியஸ்ல கார்பன் டை ஆக்ஸைடு டேங்க்குக்குள்ள அழுத்தம் சுமார் 830 பி.எஸ்.ஐ. உங்க அப்பா கார் டயர்ல இருக்கிறதைப்போல கிட்டத்தட்ட 25 மடங்கு. 31 டிகிரிதான் இந்த வாயுவோட நிலைமாறு வெப்பநிலை. அதைத் தாண்டினா திரவம், வாயுங்கிற வித்தியாசமே கிடையாது. அதுக்கு மேல டேங்க்ல எவ்வளவு அடைச்சிருக்குங்கிறதைப் பொறுத்து அழுத்தம் சரசரன்னு ஏறும். சித்திரை, வைகாசி மத்தியானம் காஞ்சிபுரத்துல 40 டிகிரியைத் தொடுற வெயில். மூடின கார் டிக்கிக்குள்ள கேக்கவே வேண்டாம்.

ரெண்டு விஷயம் நடக்கும். காலையில ஏழு மணிக்கு 280-ல செட் பண்ணின மார்க்கர், மத்தியானம் 300-ஐத் தாண்டி நிக்கும். நீங்க எதையும் தொட்டிருக்க மாட்டீங்க! அதனால வெயில் ஏறின பிறகு இன்னொரு தடவை க்ரோனோ பண்ணியே ஆகணும். அடுத்தது, டேங்க்ல அழுத்தம் எல்லை மீறினா பாதுகாப்புக்குன்னு வெச்சிருக்கிற மெல்லிய தகடு 'டமார்'னு கிழிஞ்சு கேஸ் முழுக்க வெளியேறும். டேங்க் வெடிக்காம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதுக்குப் பதிலா ஆணியை வெச்சு அடைக்கிற ஐடியா திலகங்கள் தயவுசெஞ்சு விலகி நிக்கவும்.

அழுத்தக் காற்று டேங்க்ல இந்தத் தொல்லை குறைவு. உள்ளே 3,000 அல்லது 4,500 பி.எஸ்.ஐ. இருந்தாலும், ரெகுலேட்டர் அதைப் பெரும்பாலும் 800 சொச்சத்துக்கு இறக்கி ஒரே சீராக் கொடுக்கும். சாய்ஸ் இருந்தா அதையே கேளுங்க.

போல்ட் மக்கர்: ஐந்து அறிகுறிகள்

1. 'பர்ர்ர்'னு தானாச் சுடுது. பார்க்க மெஷின்கன் மாதிரி ஜாலியா இருக்கும். ஆனா இது நோய். பின்னே வர்ற கேஸ் பங்கு போதாம, ஹேமர் சியர் வரைக்கும் போய்ச் சேராம பாதியிலேயே திரும்பி மறுபடி வால்வை இடிக்குது. முதல் சந்தேகம், டேங்க் காலியாகுதா? ரெண்டாவது, ஹேமர் மேல இருக்கிற ஓ-ரிங் தேய்ஞ்சு கேஸ் கசியுதா? இது ரெண்டும் சரின்னா, சியரோட விளிம்பு மழுங்கியிருக்கும். மழுங்கின சியரை அரம் போட்டு ராவாதீங்க. புதுசுதான் மாத்தணும். விரலை எடுத்த பிறகும் சுடற துப்பாக்கியோட ஒரு நிமிஷம்கூட மைதானத்துல நிக்காதீங்க.

2. காக் பண்ணினாலும் நிக்கலை. கையால பின்னே இழுக்கும்போதே ஹேமர் மாட்டாம வழுக்குதுன்னா அது நேரா சியர் கேஸ். கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.

3. போல்ட் பாதியில சிக்குது. உள்ளே உடைஞ்ச குண்டோட தோலும் பெயின்ட்டும் காய்ஞ்சு பசை மாதிரி பிடிச்சிருக்கும். அல்லது ஓ-ரிங் வீங்கியிருக்கும். சாதாரண ரப்பர் வளையங்கள் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சி உப்பிடும். அதனாலதான் டேங்க் வாயில யூரித்தேன் வளையம் போடறாங்க.

4. குண்டை நறுக்கித் தள்ளுது. ஹாப்பர்ல இருந்து குண்டு முழுசா இறங்குறதுக்குள்ள போல்ட் வந்து வெட்டிடுது. நீங்க சுடற வேகத்துக்கு ஹாப்பர் ஈடுகொடுக்கலை. சாதா ஹாப்பர்னா நடுநடுவே ஒரு குலுக்கு. பேட்டரி ஹாப்பர்னா பேட்டரியை மாத்துங்க. குண்டு ரெண்டு ரெண்டா இறங்குறதும், பேரலைக் கீழே சாய்ச்சா உருண்டு விழுறதும் இருந்தா, குண்டைத் தடுத்து நிறுத்துற சின்ன ரப்பர் தடுப்பு தேய்ஞ்சிருக்கு. மலிவான பாகம், சுலபமான வேலை.

5. பேரல் வழியா 'உஸ்ஸ்ஸ்'. இதுக்கு ஒரு சூப்பர் டெஸ்ட் இருக்கு. மார்க்கரைக் காக் பண்ணுங்க. சத்தம் நின்னுட்டா, ஹேமர் முன்னே வந்து வால்வை அழுத்திட்டு இருந்திருக்கு, வேற ஒண்ணுமில்லை. பல ப்ளோபேக் மார்க்கர்களைக் காக் பண்ணின பிறகுதான் டேங்க்கை மாட்டணும்னு சொல்றது இதுக்குத்தான். காக் பண்ணியும் சத்தம் நிக்கலைன்னா வால்வுக்குள்ள இருக்கிற சீல் போயிடுச்சு. சத்தம் பேரல்ல இல்லாம டேங்க் மாட்டுற இடத்துல வந்தா, அங்கே இருக்கிற வளையத்தை மாத்துங்க. முக்கால்வாசி 'உஸ்' அதோட முடிஞ்சிடும்.

குக்கர்ல விசில் வரலைன்னா அம்மா என்ன பண்றாங்க? முதல்ல கேஸ்கெட்டைத்தானே பார்க்கிறாங்க! குக்கர் கேஸ்கெட்டும் மார்க்கர் ஓ-ரிங்கும் ஒண்ணுவிட்ட சகோதரர்கள்தான்.

தேங்காய் எண்ணெய்க்குத் தடா!

'வாஷர் காய்ஞ்சிருக்கு, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடு'ங்கிறது பாட்டி காலத்துப் பம்ப் ஸ்டவ்வுக்குச் சரி. இங்கே வேலைக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சுடும். கேஸ் விரிஞ்சு ஜில்லுனு ஆகுற இடத்துல அது மெழுகாகி போல்ட்டையே கட்டிப்போடும். துரு நீக்குற ஸ்ப்ரே, வண்டி ஆயில் இதெல்லாம் ஓ-ரிங்கை அரிச்சுடும். மேனுவல்ல சொன்ன எண்ணெய், ரெண்டே சொட்டு. அழுத்தக் காற்று நிரப்புற வாய்ல மட்டும் எந்த எண்ணெயும் கூடவே கூடாது. அதிவேகமா அழுத்தம் ஏறும்போது எண்ணெய் தீப்பிடிக்கும். டீசல் இன்ஜின் தத்துவம்னு மெக்கானிக்கல் மக்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தறி சொல்லும் பாடம்

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தறிக்கூடத்துல எட்டிப் பாருங்க. கோர்வைப் புடவைன்னா உடலுக்கு ஒண்ணு, ரெண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொண்ணுன்னு மூணு நாடா ஓடும். நடுவுல நாடா சிக்கினா அனுபவசாலி நெசவாளி எல்லாத்தையும் கழட்டிப் போட்டு உட்கார மாட்டார். பாவு இழை அறுந்திருக்கா, விழுது தளர்ந்திருக்கா, அச்சுல ஏதாவது மாட்டியிருக்கா... ஒண்ணு பார்த்து, சரிபண்ணி, ஒரு ஊடை ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

கோளாறு பார்க்கிறதுக்கு உலகம் முழுக்க இதுதான் சூத்திரம். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். ஸ்க்ரூவையும் திருகி, ஓ-ரிங்கையும் மாத்தி, குண்டையும் மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. சுலபமானதுல ஆரம்பிச்சு கஷ்டமானதுக்குப் போங்க: டேங்க்ல கேஸ் இருக்கா, குண்டு நல்ல குண்டா, பேரல் சுத்தமா, எண்ணெய் இருக்கா, ஓ-ரிங் முழுசா, கடைசியாத்தான் சியரும் வால்வும்.

இதை விளையாட்டுன்னு மட்டும் நினைக்காதீங்க. 1998-ல ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கின இருங்காட்டுக்கோட்டை நம்ம மாவட்டம்தான். அங்கே, ஸ்ரீபெரும்புதூர்ல, ஒரகடத்துலன்னு எந்தத் தொழிற்சாலையில நுழைஞ்சாலும் கம்ப்ரெஸ்ஸர், ரெகுலேட்டர், சோலனாய்டு வால்வு, சீல்னு காற்றழுத்தம்தான் பாதி வேலையைச் செய்யுது. பெரிய மில்கள்ல ஓடுற ஏர்ஜெட் தறியில ஊடை நூலைத் தள்ளிவிடறதே காற்றுதான். 'சிலிண்டர் பாதியில நின்னா முதல்ல எதைப் பார்ப்பே?'ன்னு இன்டர்வியூவுல கேட்டா, மார்க்கர் தெரிஞ்சவனுக்குப் பதில் நாக்கு நுனியில இருக்கும்.

கழட்டறதுக்கு முன்னாடி...

வாடகைத் துப்பாக்கியை நீங்களே பிரிக்காதீங்க. 'அண்ணா, முதல் குண்டு மட்டும் எகிறுது, டேங்க்கை மாத்திக் கொடுங்க'ன்னு கரெக்டாச் சொல்லுங்க. உங்க காலேஜ் கிளப்போடதா இருந்தா இந்த வரிசையை மீறாதீங்க:

* மாஸ்க் போடுங்க. சுத்தி நிக்கிறவங்களும் போட்டிருக்கணும்.
* பேரல் வாயில உறையை மாட்டுங்க.
* ஹாப்பரைக் கழட்டுங்க. டேங்க்கைக் கழட்டுங்க.
* உறையை எடுத்து, ஆள் இல்லாத பக்கம் தரையை நோக்கி, மிச்சக் கேஸ் தீர்ற வரைக்கும் சுட்டுட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கணும்.

டேங்க்கைத் திருகும்போது, மார்க்கர்ல இருந்து டேங்க் கழல்றதுக்குப் பதிலா டேங்க்கோட தலையில இருக்கிற வால்வு கழல ஆரம்பிக்கலாம். அப்படி நடந்தா டேங்க் ராக்கெட் மாதிரி பறக்கும். அமெரிக்காவுல உயிர்ப்பலியே நடந்திருக்கு. இதுக்கு ஒரு அஞ்சு ரூபாய் வைத்தியம்: வால்வுலயும் பாட்டில்லயும் சேர்ந்த மாதிரி நெயில் பாலிஷ்ல ஒரு கோடு. திருகும்போது கோடு ரெண்டாப் பிரிஞ்சா உடனே நிறுத்திட்டு, விஷயம் தெரிஞ்சவங்க கையில கொடுத்துடுங்க.

சொந்தமா ஒண்ணு வாங்கற ஐடியா இருக்கா? காற்றழுத்தத் துப்பாக்கிகளுக்கு 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள்ல கட்டுப்பாடுகள் இருக்கு. வெளிநாட்டுல இருக்கிற மாமாவை 'பையில போட்டுக் கொண்டு வாங்க'ன்னு சொல்லி கஸ்டம்ஸ்ல மாட்டிவிடாதீங்க. முறையா விசாரிச்சுட்டு இறங்குங்க.

கண்ணுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது

கிரிக்கெட் பந்து முகத்துல பட்டா, கண்ணைச் சுத்தியிருக்கிற எலும்பு அடியோட பெரும்பகுதியை வாங்கிக்கும். பந்து பெரிசு. பெயின்ட்பால் 17 மில்லிமீட்டர்தான். எலும்புல படாம நேரா விழியிலேயே இறங்கும். விழித்திரை கிழியறது, உள்ளே ரத்தம் கட்டறது, லென்ஸ் இடம் மாறுறதுன்னு கண் டாக்டர்கள் எழுதி வெச்ச கேஸ்கள்ல பெரும்பாலும் ஒரே கதைதான்: அந்த நேரத்துல மாஸ்க் இல்லை. ஆட்டம் முடிஞ்சுடுச்சுன்னு கழட்டினவங்க, வேர்வையில கண்ணாடி மங்குதுன்னு தூக்கிவிட்டவங்க, வேடிக்கை பார்க்க வந்தவங்க.

வேகம் 270-ஆ இருந்தாலும் மாஸ்க் இல்லாத கண்ணுக்கு அது அதிகம்தான். மாஸ்க் போட்ட கண்ணுக்கு 300-ஐத் தாண்டினா ஆபத்து. அதனால அடுத்த தடவை போறப்போ மூணே மூணு கேள்வி கேளுங்க: க்ரோனோ எங்கே? கடைசியா எப்போ அளந்தீங்க? வெயில் ஏறினதும் மறுபடி அளப்பீங்களா? பதில் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி'ன்னு வந்தா கட்டின அட்வான்ஸ் போனாப் போகட்டும், வேனைத் திருப்புங்க. பெயின்ட்பால் எப்ப வேணும்னாலும் ஆடிக்கலாம் பாஸ்!